நரகத்துக்கு ஒரு முகவரி இருந்தது: இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர்க்கதை

2025-இல் காஸா போர்ச் செய்திகளில் ஒரு தொடர் அடிக்கடி அடிபட்டது. ஹமாஸ் இணங்காவிட்டால் "நரகத்தின் வாசல்கள் திறக்கும்" என்று இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சர் இஸ்ரேல் காட்ஸ் பலமுறை எச்சரித்தார். பைபிள் பழக்கமுள்ளவர்களுக்கு உடனே மத்தேயு 16:18 நினைவுக்கு வந்திருக்கும். ஆனால் அந்த வசனத்தில் இருப்பது "பாதாளத்தின் வாசல்கள்". அது வேறு சொல், வேறு இடம். எபிரேயத்தில் அமைச்சர் பயன்படுத்திய சொல் கெஹின்னோம்.

கெஹின்னோம் என்பது முதலில் ஓர் ஊர்ப்புறப் பள்ளத்தாக்கின் பெயர். இன்றும் அது அங்கேயே இருக்கிறது. எருசலேம் பழைய நகரத்தின் யாப்பா வாசலிலிருந்து இறங்கினால் பத்து நிமிட நடைகூட இல்லை. ஒருவர் பெயரால் அழைக்கப்பட்ட அந்த நிலம் எப்படி மூன்று மதங்களின் நரகமாயிற்று, தமிழ் வாசகர் கண்ணுக்கு அந்தத் தொடர்பு ஏன் தெரியாமலே போகிறது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

## பெயரைப் பிரித்துப் பார்த்தால்

எபிரேயத்தில் ‘கே’ என்றால் பள்ளத்தாக்கு. இதில் வரும் ககரத்தை ‘காந்தி’யில் ஒலிப்பதுபோல் ஒலிக்க வேண்டும். ‘ஹின்னோம்’ என்பது ஒரு மனிதரின் அல்லது குடும்பத்தின் பெயர். முழுப் பெயர் ‘கே பென் ஹின்னோம்’, அதாவது ஹின்னோமின் மகனுடைய பள்ளத்தாக்கு. சில இடங்களில் ‘பென்’ இல்லாமல் ‘கே ஹின்னோம்’ என்று மட்டும் வரும். தமிழ்ப் பைபிள் ஹகரத்தை விட்டுவிட்டு ‘இன்னோம்’ என்று எழுதுகிறது.

யார் இந்த ஹின்னோம்? வேதாகமத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. நிலத்துக்கு உரிமையாளராக இருந்திருக்கலாம். நம் ஊர்களில் யாரென்றே தெரியாத ஒருவர் பெயரில் ஒரு தோட்டமோ குளமோ இருப்பதுபோலத்தான். ‘முனகல்’ என்று பொருள்படும் வேர்ச்சொல்லிலிருந்து பெயர் வந்தது என்று சொல்வோரும் உண்டு. பிற்காலக் கதைக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் விளக்கத்தை நான் நம்பத் தயங்குவேன்.

‘கே’ என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தமிழ் பொதுவாகப் பள்ளத்தாக்கு என்று ஒரே சொல்லில் அடக்கும் நிலத்தை எபிரேயம் பல சொற்களால் பிரிக்கிறது:

1. கே: இருபுறமும் சரிவு நெருங்கி நிற்கும் குறுகிய பள்ளத்தாக்கு.
2. எமேக்: அகன்று விரிந்த, பயிர் செய்யத் தோதான தாழ்நிலம்.
3. நகால்: மழைக்காலத்தில் மட்டும் நீர் ஓடும் ஆற்றுப் பள்ளம்.

யோசுவா 15:8-இல் இவற்றில் இரண்டு அருகருகே வருகின்றன. ஹின்னோமுக்கு ‘கே’, அதை அடுத்திருக்கும் ரெப்பாயீமுக்கு ‘எமேக்’. கிழக்கே இருக்கும் கீதரோன் எப்போதும் ‘நகால்’தான். பெயர் வைத்தவர்கள் நிலத்தைக் கால்நடையாக அறிந்தவர்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

## முதலில் அது ஒரு எல்லைக்கோடு

பள்ளத்தாக்கு பழைய நகரத்தின் மேற்கே தொடங்கி, தெற்கே இறங்கி, சீயோன் மலையின் அடிவாரத்தில் கிழக்கே திரும்பி, கீதரோனோடு போய்ச் சேர்கிறது. அரபியில் இதற்கு வாதி அர்-ரபாபா என்று பெயர்.

யோசுவாவின் புத்தகத்தில் இரண்டு இடங்களில் (15:8, 18:16) இது யூதா கோத்திரத்துக்கும் பென்யமீன் கோத்திரத்துக்கும் நடுவிலான எல்லை. பத்திரப்பதிவு அலுவலக மொழியில் சொன்னால் ‘வடக்கே இன்னது, தெற்கே இன்னது’ என்ற ரகம். பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள் பெயெர்செபா தொடங்கி இன்னோம் பள்ளத்தாக்கு வரை குடியேறினார்கள் என்கிறது நெகேமியா 11:30. அங்கேயும் வெறும் இடக்குறிப்புத்தான்.

எபிரேய வேதாகமம் முழுவதிலும் இந்தப் பெயர் 11 வசனங்களில் வருகிறது. அவற்றில் ஒன்றில்கூட ‘செத்தபின் போகும் நரகம்’ என்ற பொருள் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

## தோப்பேத்: பெயர் கெட்ட இடம்

பள்ளத்தாக்குக்குள் தோப்பேத் என்று ஓர் இடம் இருந்தது. அங்கே பிள்ளைகளை மோளேகுக்கு (பொதுவாக ஒரு தெய்வமாகக் கருதப்படும் பெயர்) நெருப்பில் கொடுத்தார்கள் என்று வேதாகமம் சொல்கிறது. ஆகாஸ் அரசன் தன் பிள்ளைகளை இந்தப் பள்ளத்தாக்கில் தகனித்ததாக 2 நாளாகமம் 28:3-உம், மனாசேயும் அதையே செய்ததாக 33:6-உம் குற்றம் சாட்டுகின்றன. இருவரும் யூதாவின் அரசர்கள், தாவீதின் வழிவந்தவர்கள். ஆகவே இது அந்நியர் செய்த பாவமாகச் சொல்லப்படவில்லை. வீட்டுக்குள் நடந்த அவமானமாகவே சொல்லப்படுகிறது.

‘தோப்பேத்’ என்ற பெயருக்கே ஒரு சுவையான விளக்கம் உண்டு. எபிரேயத்தில் ‘தோஃப்’ என்றால் பறை. பிள்ளையின் அலறல் தகப்பன் காதில் விழாதிருக்கப் பறை முழக்கினார்கள், அதனால் இந்தப் பெயர் என்று இடைக்கால யூத உரையாசிரியர்கள் எழுதினார்கள். மொழியியலாளர்கள் பலர் வேறு வழியில் போகிறார்கள். அடுப்பு, நெருப்பிடம் என்று பொருள்படும் ஒரு சொல்லோடு, வெட்கக்கேடு என்று பொருள்படும் ‘போஷேத்’தின் உயிரெழுத்துகளை ஒட்டவைத்து வேண்டுமென்றே திரித்த பெயர் இது என்பது அவர்கள் கருத்து. மோளேகு என்ற பெயரும் அப்படித்தான் ஆனது என்பார்கள். அரசன் என்று பொருள்படும் ‘மெலெக்’குக்குள் அதே ‘போஷேத்’ நுழைக்கப்பட்டது என்று. பெயரைச் சொல்லும்போதே காறித் துப்புவது போன்ற ஒரு வழக்கம்.

மோளேகு ஒரு தெய்வமா என்பதே விவாதத்துக்குரியது. 1935-இல் ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ ஐஸ்ஃபெல்ட், வட ஆப்பிரிக்காவின் பழைய நகரமான கார்த்தேஜ் பகுதிக் கல்வெட்டுகளை வைத்து, அந்தச் சொல் ஒருவகைப் பலியின் பெயர் என்று வாதிட்டார். கார்த்தேஜில் 1921-இல் சிறு குழந்தைகளின் எரிந்த எலும்புகள் நிறைந்த தாழிகள் வரிசை வரிசையாகக் கிடைத்தன. தோண்டியவர்கள் அந்த இடத்துக்குத் தீர்க்கதரிசி எரேமியாவிடமிருந்து பெயரைக் கடன் வாங்கி ‘தோபெத்’ என்று வைத்தார்கள். அவை பலியிடப்பட்ட குழந்தைகளா, இயல்பாக இறந்த சிசுக்களின் இடுகாடா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. சரி, எருசலேமில்? இன்னோம் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு பலிக்களம் அகழாய்வில் கிடைக்கவில்லை. நம் கையில் இருப்பது எழுத்துச் சாட்சி மட்டும்.

கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட யோசியா அரசன் தோப்பேத்தைத் தீட்டுப்படுத்தினான் என்று 2 இராஜாக்கள் 23:10 கூறுகிறது. இனி யாரும் மகனையோ மகளையோ அங்கே நெருப்பில் கொடுக்கக்கூடாது என்பதற்காக. ‘இடித்தான்’ என்று மட்டும் சொல்லாமல் ‘தீட்டுப்படுத்தினான்’ என்று சொல்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. இடித்த மேடையைத் திரும்பக் கட்டலாம். தீட்டுப்பட்ட இடத்தில் மறுபடி வழிபாடு நடக்காது.

பெயரின் தலையெழுத்தை மாற்றியவர் எரேமியா. 7-ஆம் அதிகாரத்தில், இது இனி இன்னோம் பள்ளத்தாக்கு என்று அழைக்கப்படாது, ‘சங்காரப் பள்ளத்தாக்கு’ எனப்படும் என்கிறார். புதைக்க இடமில்லாமல் தோப்பேத்திலேயே புதைப்பார்கள் என்கிறார். 19-ஆம் அதிகாரத்தில் இதை நாடகமாகவே நடத்திக் காட்டுகிறார். குயவன் செய்த மண்கலயம் ஒன்றை வாங்கி, பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு, ஓட்டாஞ்சில்லின் பெயர்கொண்ட நகர வாசலைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் இறங்கி, எல்லார் கண்முன்னாலும் கலயத்தைப் போட்டு உடைக்கிறார். இந்த மக்களும் நகரமும் இப்படித்தான் நொறுங்கும் என்று சொல்லிவிட்டு. கி.மு. 586-ஐ ஒட்டி பாபிலோனியரிடம் எருசலேம் விழுந்தபோது, இந்தக் காட்சியைக் கண்டவர்களுக்கு அந்தப் பெயர் என்னவாக ஒலித்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

இங்கே ஒரு நுணுக்கம்: எரேமியா சொல்வது இம்மையின் தண்டனை. படையெடுப்பு, பிணக்குவியல், புதைக்க இடமின்மை. மறுமையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

## மண்ணிலிருந்து மறுமைக்கு

எபிரேய வேதாகமத்தில் இறந்தவர்கள் போகும் இடம் ‘ஷெயோல்’. நல்லவர், கெட்டவர் எல்லாரும் இறங்கும் இருண்ட உலகம். ஷெயோலுக்கும் இன்னோமுக்கும் அப்போது தொடர்பே இல்லை. இரண்டுக்கும் நடுவே பாலம் விழுந்தது படிப்படியாக:

1. ஏசாயாவின் கடைசி வசனம் (66:24) எருசலேமுக்கு வெளியே கிடக்கும் கலகக்காரர்களின் பிணங்களைக் காட்டுகிறது. அவர்களின் பூச்சி சாகாது, நெருப்பு அவியாது. பள்ளத்தாக்கின் பெயர் அங்கே இல்லை. ஆனால் நகரத்துக்கு வெளியே நெருப்பும் பிணமும் என்றால் கேட்பவர் மனம் எந்தப் பக்கம் திரும்பும்?
2. கிரேக்கர் ஆட்சிக் காலத்தில், நீதிமான்கள் துன்புற்றுச் சாக, கொடியவர்கள் சுகமாக வாழ்வதைக் கண்டவர்களுக்கு ஷெயோலின் சமத்துவம் போதவில்லை. செத்தபின் தீர்ப்பு வேண்டும், தண்டிக்க ஓர் இடம் வேண்டும். எபிரேய வேதாகமத்தில் சேராத பழைய யூத நூலான ஏனோக்கின் நூல் (26, 27 அதிகாரங்கள்) எருசலேமை ஒட்டிய மலைகளுக்கு நடுவே ‘சபிக்கப்பட்ட பள்ளத்தாக்கு’ ஒன்றைக் காட்டி, சபிக்கப்பட்டவர்கள் தீர்ப்புக்காகக் கூட்டப்படும் இடம் அது என்கிறது. பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.
3. அதற்கப்புறம் பெயர் நிலத்தைவிட்டு எழுந்துவிட்டது. அரமேயத்தில் ‘கெஹின்னாம்’, கிரேக்கத்தில் கடைசி மகரம் தேய்ந்து ‘கெஹென்னா’.

ஒரு சொல் இப்படி இடம்பெயர்வது நமக்குப் புதிதில்லை. குறளில் நரகத்தைக் குறிக்க வரும் ‘அளறு’க்கு நேர்ப்பொருள் சேறு. காலை இழுக்கும் சேறு செத்தவனை இழுக்கும் குழியாயிற்று. வேறுபாடு என்னவென்றால், அளறு எந்த ஊரிலும் இருக்கலாம். கெஹின்னோம் ஒரே ஓர் ஊரின் கொல்லைப்புறம்.

## புதிய ஏற்பாட்டின் 12 இடங்கள்

கெஹென்னா புதிய ஏற்பாட்டில் 12 முறை வருகிறது. மத்தேயுவில் 7, மாற்குவில் 3, லூக்காவில் 1, யாக்கோபின் நிருபத்தில் 1. சுவிசேஷங்களில் வரும் பதினொன்றும் இயேசுவின் வாயிலிருந்து வருபவை. பவுலின் நிருபங்களில் இந்தச் சொல் ஓரிடத்திலும் இல்லை; யோவான் சுவிசேஷத்திலும் இல்லை. காரணத்தை ஊகிக்கலாம்: கொரிந்துவிலும் ரோமிலும் இருந்த வாசகருக்கு எருசலேமின் ஒரு பள்ளத்தாக்கு எதையும் நினைவூட்டியிருக்காது. கலிலேயாவிலிருந்து பண்டிகைக்கு எருசலேம் வந்துபோகும் யூதருக்கோ அது கண்ணால் பார்த்த இடம்.

மாற்கு 9-ஐ இந்தக் கண்ணோடு படித்தால் வேறாகத் தெரியும். கையை வெட்டிப் போடு, இரண்டு கையோடு கெஹென்னாவுக்குப் போவதைவிட அது மேல் என்று சொல்லும் பேச்சு, ஏசாயா 66:24-இன் சாகாத பூச்சியோடும் அவியாத நெருப்போடும் முடிகிறது. எரேமியாவின் பள்ளத்தாக்கும் ஏசாயாவின் நெருப்பும் இந்த இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன.

## ‘எரியும் குப்பைமேடு’ கதை எங்கிருந்து வந்தது?

பிரசங்கங்களிலும் வேதாகமக் குறிப்புகளிலும் ஒரு விளக்கம் தவறாமல் வரும்: இயேசு காலத்தில் இன்னோம் பள்ளத்தாக்கு எருசலேமின் குப்பைக்கிடங்கு, இரவும் பகலும் புகைந்துகொண்டிருந்தது, அதைக் காட்டித்தான் அவர் நரகத்தைப் பேசினார் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. சென்னையின் குப்பைக்கிடங்குகளான பெருங்குடியோ கொடுங்கையூரோ நினைவுக்கு வந்து உடனே நம்பத் தோன்றும். ஆனால் சான்று மெலிது.

1. இதை முதன்முதலில் எழுத்தில் சொன்னவராக அறியப்படுபவர் யூத உரையாசிரியர் தாவீது கிம்ஹி (சுமார் 1160–1235). சங்கீதம் 27-க்கான உரையில், எருசலேமை ஒட்டிய இழிந்த இடம் அது, அசுத்தங்களையும் பிணங்களையும் எரிக்க அங்கே ஓயாமல் நெருப்பு இருந்தது என்கிறார். அவர் வாழ்ந்தது பிரான்சின் தெற்கே நர்போனில். இயேசு காலத்துக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேல் தள்ளி.
2. முதல் நூற்றாண்டில் எருசலேமைப் பற்றி விலாவாரியாக எழுதிய யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் இப்படி ஓர் எரியும் கிடங்கைச் சொல்லவில்லை.
3. ரோமர் காலக் குப்பைமேடு ஒன்று எருசலேமில் உண்மையாகவே தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. அது கிழக்கே, கீதரோன் பக்கச் சரிவில் இருக்கிறது.
4. இன்னோம் பள்ளத்தாக்கின் தென்சரிவில், அக்கெல்தமா என்று வழங்கும் பகுதியில், முதல் நூற்றாண்டின் வசதியான குடும்பங்களின் கல்லறைக் குகைகள் உள்ளன. பாறையைக் குடைந்து, முகப்பில் வேலைப்பாடு செய்து கட்டியவை. எரியும் குப்பைக்கு நடுவே குடும்பக் கல்லறை கட்ட யாருக்கு மனம் வரும்?

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நெகேமியா ‘குப்பைமேட்டு வாசல்’ ஒன்றை நகரின் தென்பக்கம் குறிப்பிடுகிறார். எரேமியா 31:40 பிணங்களும் சாம்பலும் கிடக்கும் பள்ளத்தாக்கைப் பேசுகிறது. நகரத்தின் கழிவு அந்தப் பக்கம் போகவே இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஓயாது எரியும் கிடங்கு என்பதற்கு இது போதாது. குப்பைக்கதை இல்லாமலே பெயரின் பயங்கரம் புரிகிறது என்பது என் எண்ணம். பிள்ளைகள் எரிந்த இடம் என்ற நினைவைவிடக் குப்பைப் புகை எந்த விதத்தில் பெரிது?

## பன்னிரண்டு மாதமும் ஏழு வாசலும்

யூத மரபில் கெஹின்னோம் பெரும்பாலோருக்கு நிரந்தரச் சிறை ஆகவில்லை. துன்மார்க்கருக்கு அங்கே 12 மாதத் தண்டனை என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா (எதுயோத் 2:10). பெற்றோர் இறந்தால் அவர்களுக்காகச் சொல்லும் கத்தீஷ் என்ற மன்றாட்டை 11 மாதம் சொல்லி நிறுத்தும் வழக்கம் இதிலிருந்து வந்தது. முழுதாக 12 மாதம் சொன்னால் அப்பாவைத் துன்மார்க்கர் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடுமே! மிஷ்னாவுக்கு விரிவுரையான பாபிலோனிய தால்மூத் (எருபீன் 19) இன்னொரு படி போய், இன்னோம் பள்ளத்தாக்கில் இரண்டு பேரீச்ச மரங்கள் நிற்கின்றன, நடுவிலிருந்து புகை எழும்புகிறது, அதுதான் கெஹின்னோமின் வாசல் என்று அடையாளமே சொல்கிறது. ‘கெஹின்னோமின் வாசல்கள்’ என்ற இன்றைய மிரட்டலுக்குப் பின்னால் இப்படியொரு பழைய முகவரி இருக்கிறது.

குர்ஆனில் இந்தச் சொல் ‘ஜஹன்னம்’ என்ற வடிவில் 77 முறை வருகிறது. அதற்கு ஏழு வாசல்கள் என்கிறது 15:44. கிரேக்கம் தொலைத்த மகரம் அரபியில் பத்திரமாக இருப்பதைக் கவனியுங்கள்.

## தமிழில் பள்ளத்தாக்கு மறைந்தது

இப்போது நம் குழப்பத்துக்கு வரலாம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் எரேமியாவைத் திறந்தால் ‘இன்னோம்’. மத்தேயு 5:22-ஐத் திறந்தால் ‘எரிநரகம்’. இரண்டும் ஒரே பெயர் என்று கண்டுபிடிக்க வாசகருக்கு வழியே இல்லை. எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் அடுத்தடுத்து வைத்தால் காது உடனே பிடித்துக்கொள்ளும். தமிழில் காதுக்கு எதுவும் சிக்காது.

அதோடு முடியவில்லை. அதே மொழிபெயர்ப்பில் ‘நரகம்’ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு மூலச்சொற்கள் ஒளிந்திருக்கின்றன:

1. சுவிசேஷங்களில் பெரும்பாலும் கெஹென்னா.
2. சங்கீதம் 9:17-இல் ஷெயோல். மற்ற இடங்களில் ஷெயோலைப் பொதுவாகப் ‘பாதாளம்’ என்றே பெயர்க்கும் மொழிபெயர்ப்பு இங்கே தடம் மாறுகிறது.
3. 2 பேதுரு 2:4-இல் கிரேக்கப் புராணத்தின் பாதாளச் சிறையான தார்தரஸை ஒட்டிய சொல்.

மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கெஹென்னா என்று அப்படியே விட்டிருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் வாசகருக்கு அது வெறும் ஓசை. நரகம் என்றதும் பொருள் பளிச்சென்று விழுந்தது. கூடவே யமலோகம், எண்ணெய்க் கொப்பரை எல்லாம் சேர்ந்து விழுந்தன. பள்ளத்தாக்கு போய்விட்டது. விசித்திரம் என்னவென்றால், தமிழில் மூல ஓசைக்கு மிக அருகில் நிற்பவர்கள் முஸ்லிம்கள். அவர்கள் பேச்சில் வரும் ‘ஜஹன்னம்’ என்ற சொல்லுக்குள் ஹின்னோமின் பெயர் ஏறக்குறைய முழுசாக இருக்கிறது.

## பள்ளத்தாக்கின் தோளில் கிடைத்தது

1979-இல் தொல்லியலாளர் கபிரியேல் பர்காய், பள்ளத்தாக்கின் மேற்கு மேட்டில், ‘ஹின்னோமின் தோள்’ என்று பொருள்படும் கெத்தேஃப் ஹின்னோமில், பழைய கல்லறைக் குகைகளைத் தோண்டினார். ஒரு குகையின் அறையில் இரண்டு சிறு வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. கழுத்தில் அணியும் தாயத்துகள். பெரியது விரித்தபின் 10 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. உடையாமல் விரித்தெடுக்கவே மூன்று ஆண்டு பிடித்தது.

கி.மு. 600-ஐ ஒட்டிய அந்த வெள்ளியில் கீறியிருந்தது எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்தின் ஆசாரியர் ஆசீர்வாதம்: "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று தொடங்கும் அதே வரிகள், கொஞ்சம் சுருங்கிய வடிவில். வேதாகம வாசகம் எழுதப்பட்ட பொருள்களில் இன்றுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையது இதுதான். சாக்கடல் சுருள்களைவிடச் சில நூற்றாண்டுகள் மூத்தது. எரேமியா கலயம் உடைத்த காலமும் இந்தத் தாயத்துகளின் காலமும் ஏறத்தாழ ஒன்று.

1949 முதல் 1967 வரை போர்நிறுத்தக் கோடு இந்தப் பள்ளத்தாக்கு வழியாகவே போனது; இருபக்கமும் கம்பிவேலி. இப்போது மேலே சினிமாத்தேக் திரைப்பட அரங்கம் இருக்கிறது. பழைய சுல்தான் குளத்தில் இசைக் கச்சேரிகள் நடக்கின்றன. 2023-இல் குறுக்கே சுமார் 200 மீட்டர் நீளத்தில் நடைபாதைத் தொங்குபாலம் ஒன்றும் திறந்தார்கள். எபிரேயம் பேசுபவர்கள் குழம்புவதில்லை. பாலத்துக்குப் போக வழி கேட்பவர் ‘கே பென் ஹின்னோம்’ என்று மூன்று சொல்லாகப் பிரித்துச் சொல்வார். அமைச்சரின் மிரட்டலில் வருவது ‘கெஹின்னோம்’, ஒரே சொல்.